வேட்டியில் விழுந்த கொசுக்கள்

மகாராஜபுரம்,
3 டிசம்பர் 1944

அன்புள்ள மகன் பால்துரைக்கு அம்மா தேவகிருபை எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் உன் மனைவி அன்னாளும் எழுந்து நடமாடுகிறோம், நீயும் அந்த எல்லைக் காட்டில் அப்படியே இருக்கக் காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். பட்டாளத்தில் காய்ச்சலுக்கென்று கொடுக்கிற மஞ்சள் மாத்திரையை யாரும் பார்க்காமல் துப்பிவிடுவதாக அன்னாளுக்கு எழுதியிருந்தாய், தின்றால் இனிமேல் பிள்ளை பிறக்காது என்று உன் கூட்டாளிகள் சொல்கிறார்களாம். அவளுக்கு எழுத்து தெரியாது, நான்தான் வாசித்தேன். வெட்கப்படாதே, விஷயம் வெட்கத்தைவிடப் பெரியது.

இங்கே நடந்ததைக் கேள். நீ லீவு முடிந்து போனபின் அன்னாளுக்கு வயிறு தெரியத் தொடங்கியதிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல், எத்தனை கம்பளி போர்த்தினாலும் கட்டில் ஆடும். ஆஸ்பத்திரியிலிருந்து கொயினா என்கிற கசப்புக் காய்ச்சல் மருந்து வாங்கி வந்தோம். அடுத்த வீட்டுச் சீனியம்மாள் பார்த்துவிட்டு, "ஏட்டி, இதக் குடிச்சா வயித்துல பிள்ள தங்காதுட்டி" என்றாள். ஊரே அப்படித்தான் சொன்னது. அப்பா அதைத் தூக்கிப் பரணில் போட்டார், நானும் தடுக்கவில்லை. அப்புறம் மலேரியா இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து தரையில் விரிக்க வெள்ளைத் துணி கேட்டார். சேற்றில் உழைக்கிறவர்கள் வீட்டில் வெள்ளைக்கு எங்கே போவது, உன் கல்யாண வேட்டியை எடுத்துக் கொடுத்தேன், அன்னாள் முகம் சுண்டிவிட்டது. அவளை வெளியே உட்கார வைத்து, கட்டிலடியில் வேட்டியை விரித்து, கதவைச் சாத்தி, மண்ணெண்ணெய் வாடை அடிக்கிற ஒரு மருந்தைப் பீச்சினார். சற்றுப் பொறுத்துத் திறந்தால் எள்ளைச் சிந்தியது மாதிரி வேட்டியெல்லாம் கொசு. ஒன்றை நகத்தால் நசுக்கினார், சிவப்பாகப் படிந்தது. "இது ஒங்க வீட்டு ரத்தந்தாம்மா, காய்ச்சக்காரிகிட்ட குடிச்சு அடுத்தாளுக்குக் கொண்டுபோகுது" என்றார்.

கேட்டாயா பால்துரை. பனி, மலைத்தண்ணீர், கண்ணேறு என்று எதையெல்லாமோ பழி சொன்னோம், எத்தனை பேரைக் கல்லறைக்குத் தூக்கினோம், அவ்வளவையும் செய்தது இந்த மயிரிழைக் காலுள்ள பூச்சி. நான் முழங்காலிட்டு ஜெபித்த அதே சுவரில் அது பகலெல்லாம் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை சின்ன உடம்புக்குள் இத்தனை பெரிய சாவா என்ற பிரமிப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. உன் அப்பா குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார், பிறகு அன்னாளை ஏற்றிப்போக வண்டியைப் பூட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எங்களைத் திட்டித் தீர்த்துவிட்டு, "பிள்ளையக் கொல்லுறது காய்ச்சல்தான், மருந்தை நான் அளவு பார்த்துத் தாரேன்" என்று அங்கேயே படுக்க வைத்தார்கள். அன்னாள் கசப்பை விழுங்கினபோதெல்லாம் சீனியம்மாள் சொன்னதே என் காதில் கேட்டது, பயந்து செத்தேன். காய்ச்சல் நின்றது. நேற்று என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள், உன் பிள்ளை உதைத்தது.

அதனால் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, நாங்களும் இதே பயத்தைத்தான் பயந்தோம். "நான் முழுங்கிட்டேன், அவியளையும் முழுங்கச் சொல்லுங்க அத்த" என்று அன்னாள் பக்கத்திலிருந்து சொல்கிறாள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. கொசுவலைக்குள் படு. இனிமேல் பிள்ளை பிறக்குமா என்று நீ கவலைப்பட வேண்டாம், பிள்ளை இங்கே இருக்கிறது. அதற்குத் தகப்பன்தான் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
தேவகிருபை ஞானரத்தினம்