கொடி கட்டின கை எது?

அக்கா,

காலையில் குடியிருப்பு அசோசியேஷன்காரர்கள் தேசியக் கொடியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். போன வருஷம் காற்றில் அடித்து ஓரமெல்லாம் நார்நாராகக் கிழிந்திருந்தது. மடித்துத் தைத்து, கஞ்சி போட்டுக் காயவைத்து, இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். சூட்டில் எழுந்தது அந்தக் கஞ்சி வாடை. உடனே நீ வந்து நின்றுவிட்டாய். விறைப்பான வெள்ளைப் புடவையும், மார்பெல்லாம் வழிந்த ரத்தமும், முன்பல் போன வாயுமாக.

நாளை இதை ஏற்றப்போவது யார் தெரியுமா? சின்ன மணியத்தின் பேரன். நம் ஊர் ஏரிக்கரையை ஒட்டிய கழனியெல்லாம் அடுக்குமாடி ஆகிவிட்டது. அதில் ஒரு வீட்டில்தான் நானும் மகனோடு இருக்கிறேன். "தியாகி குடும்பம்மா, அவங்க ஏத்துறதுதான் பொருத்தம்" என்று செக்ரட்டரி என்னிடமே வந்து சொல்கிறார். என் கையில் ஊசி இருந்தது. அவர் தள்ளி நின்றது அவருக்கு நல்லது.

நைனா தன் வலது கையின் கதையை வாய் திறந்து சொன்னதே இல்லை. நீதான் எனக்குச் சொன்னாய், மீன் ஆய்ந்துகொண்டே, ஒவ்வொரு தலையாக நறுக்கித் தள்ளிக்கொண்டே. வெள்ளைக்காரன் காலத்தில் பெரிய மணியம் நம் ஊருக்கு ராஜா. வரி வசூலித்துக் கொடுப்பவர், கலெக்டர் வந்தால் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார உரிமை உள்ளவர். நம் காலனி ஆட்கள் அவர் எதிரில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு "ஆண்டே" என்று நிற்க வேண்டும். அப்போது ஊரெங்கும் வெள்ளையனே வெளியேறு என்று கிளம்பியிருந்தது. மீசை முளைத்த வயசு நைனாவுக்கு. ஏரிக்கரைப் பனைமரத்தில் ஏறி உச்சியில் கொடியைக் கட்டிவிட்டார். ஆவடிக்கு ரயிலில் போகும் சோல்ஜர்களின் கண்ணில் பட வேண்டும் என்று ஆசை.

பட்டது மணியத்தின் கண்ணில். இறங்கி வரச் சொல்லி, நெல் அடிக்கிற கல்லுக்கு இழுத்துப் போனார்கள். "கொடி கட்டின கை எது?" என்று கேட்டாராம். நைனா வலது கையை நீட்டினார். கல்லின் மேல் வைத்து உலக்கையால் இடித்தார்கள். எலும்பு உடைகிற சத்தம் கரைக்கு அந்தப் பக்கம்வரை கேட்டதாம். நைனா கெஞ்சியது கையை விடச் சொல்லி அல்ல. "என்ன போலீஸ்ல புட்சிக் குடுத்துடுங்க ஆண்டே." மணியம் சிரித்தார். "ஜெயிலுக்குப் போற மூஞ்சியாடா இது? நாளைக்கு நடவு இருக்கு, போடா."

அதே வருஷம் அவருடைய தம்பி சின்ன மணியம் மறியல் செய்து ஜெயிலுக்குப் போனார். அவருக்குப் பி கிளாஸ். கட்டில், பால், படிக்கப் பத்திரிகை. திரும்பி வந்தபோது மாலை போட்டு வண்டியில் ஊர்வலம். அண்ணன் வெள்ளைக்காரனோடு, தம்பி வெள்ளைக்காரனுக்கு எதிரே. எந்தப் பக்கம் ஜெயித்தாலும் கழனி ஒரே வீட்டில் இருக்கும். வெள்ளைக்காரன் போனபிறகு ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்துக்கும் சின்ன மணியம் கொடி ஏற்றினார். நாம் வரிசையில் நின்று முந்தானையை விரித்து மிட்டாய் வாங்கினோம். கை படாமல் மேலிருந்து போடுவார்கள். அந்த அசிங்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நீ அம்பத்தூர் எஸ்டேட்டில் நட்டு போல்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த வருஷத்து ஆகஸ்ட் பதினைந்து அது. முதல் சம்பளத்தில் எடுத்த வெள்ளைப் புடவை. வரிசையிலிருந்து விலகி நேராகக் கம்பத்துக்குப் போனாய்.

"பெரியவரே, இந்த வருசம் எங்க நைனா ஏத்தட்டும்."

நீ "ஆண்டே" என்று சொல்லாததிலேயே கூட்டம் அடங்கிப்போனது. சின்ன மணியம் கெட்டவர் இல்லை, மென்மையாகத்தான் பேசினார். "அதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கும்மா. போய் மிட்டாய் வாங்கிக்கோ."

"ஒங்க அண்ணன் எங்க நைனா கையை இன்னா பண்ணாருன்னு இவுங்களுக்குச் சொல்லிட்டு ஏத்துங்க."

பெரிய மணியத்தின் மகன் வந்த வேகத்தில் உன் வாயிலேயே குத்தினான். பல் தெறித்து என் காலடியில் விழுந்தது. நீ கீழே விழவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கடித்தாய். சதை பிய்ந்து வருகிறவரை விடவில்லை. அவன் போட்ட கூச்சல்! பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று சொல்லத் தெரியாது. சவுக்குக் கட்டையால் நம் சித்தப்பாவின் மண்டை பிளந்தது. நான் மிட்டாய் டின்னைத் தூக்கி ஒருத்தன் முகத்தில் இறக்கினேன். மூக்கு சப்பென்று உள்ளே போனது. அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

சின்ன மணியம் மட்டும் கயிற்றை விடாமல் பிடித்தபடி நின்றார். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கயிற்றைப் பிடுங்கி நைனாவிடம் கொடுத்தாய்.

"இஸ்து ஏத்து நைனா!"

நைனாவின் விரல்கள் மூடவில்லை. அந்தக் கையால் கயிற்றைப் பிடிக்க முடியாது என்று உனக்கும் எனக்கும் அதுவரை தோன்றவே இல்லை, பார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. இடது கையால் இழுத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கயிற்றை வலது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, உடம்போடு பின்னால் சாய்ந்து இழுத்தார். கொடி விரிந்தது. உள்ளே முடிந்து வைத்திருந்த சாமந்தி உதிர்ந்து, உடைந்த மண்டைகள்மேல் விழுந்தது.

போலீஸ் வந்து நம் தெரு ஆட்களை மட்டும் வேனில் ஏற்றியது. உன்னை முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். ஸ்டேஷனில் நைனாவின் உள்ளங்காலில் லத்தியால் அடித்ததை நீ கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாய். குடித்துவிட்டுக் கலாட்டா என்று கேஸ் எழுதினார்கள்.

"நா குடிச்சதே இல்ல சார்," என்றார் நைனா. "கொடி ஏத்துனதுக்குன்னு எழுதுங்க."

சப் இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்தாராம். "கொடி ஏத்துறது குத்தமாய்யா? சுதந்திர நாட்டுல அதுக்குக் கேஸ் போட முடியுமா?"

கோர்ட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வந்துவிட்டார்கள். உன்னை எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். நைனா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. குடிக்கவில்லை, கொடி ஏற்றினேன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஜாமீன் எடுக்க நமக்கு யார் இருந்தார்கள்? உள்ளே தள்ளினார்கள்.

அந்த நாட்களில் உன் வாய் சீழ் பிடித்து வீங்கியிருந்தது. பக்கத்து வீட்டு அத்தை பார்த்துவிட்டு அழுதாள். "இன்னா இப்ப, உசுரா போய்ட்ச்சு?" என்று அவளை விரட்டினாய். கம்பெனியில் வேலை போனது, அதற்கும் அதே கேள்வி. மணியத்தின் ஆட்கள் நம் கூரையில் நெருப்பு வைத்தபோது, எரிகிற கீற்றைப் பிடித்து இழுத்து அவர்கள்மேலேயே வீசினாய். உன்னைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

நைனாவை விடுவித்த அன்று ஜெயில் வாசலில் நீயும் நானும் போய் நின்றோம். நொண்டிக்கொண்டே வந்தார். ஆனால் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"எப்டி கீற நைனா?" என்று கேட்டாய்.

"களி போட்டான்மா. வெறுந்தரைல படுக்க வுட்டான். மலம் அள்ளச் சொன்னான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெள்ளக்காரன் புட்சிருந்தாலும் எனக்கு இத்தான் குடுத்துருப்பான், இல்ல?" என்றார். ஏதோ பரீட்சையில் பாஸானவர்போலச் சொன்னார்.

நீ அழுதாய் அக்கா. பல் போனபோது அழாதவள், முடியைப் பிடித்து இழுத்தபோது அழாதவள், நடுரோட்டில் உட்கார்ந்து மண்ணை அள்ளி அள்ளித் தரையில் அடித்துக்கொண்டு அழுதாய். நைனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாத்துக்குமா அழுவுற? போய் வந்துட்டேனே" என்று உன் தலையைத் தடவினார். ஒரு மனுஷன் ஆயுசெல்லாம் ஆசைப்பட்டது இதற்குத்தானா என்று உனக்குத் தோன்றியிருக்கும். எனக்கு அது புரிய வெகுகாலம் ஆனது.

நீ கண்ணை மூடும்போது விட்டுப்போனதில் என்னிடம் மிச்சம் இருப்பது அந்த அழுகைதான். நாளைக்குக் கீழே மைக்கில் தியாகம் தியாகம் என்று பேசுவார்கள். என் காதில் நீ ஜெயில் வாசலில் மண்ணை அடித்துக்கொண்டு கதறுவது மட்டும்தான் விழும். கோபம் வரும். அதை அடக்கச் சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். நான் போடப்போவதில்லை.