தூரம் என்று ஒரு சொல்

காஜா பேராங், மலாக்கா
தாரண வருஷம், ஆடி மாதம்

மலைத் தோட்டத்தில் இருக்கும் என் அக்காவுக்கு, தங்கை பூங்காவனம் வணங்கி எழுதுவது.

உன் மகள் சிவகாமி உயிரோடு இருக்கிறாள். இதை முதலில் படித்துவிடு. மற்றதை உட்கார்ந்துகொண்டு படி. 

மலையில் அரிசி இல்லை, இங்கேயாவது மரவள்ளி தின்று பிழைக்கட்டும் என்று சுப்பையன் லாரியில் அனுப்பினாயே, வந்த சில நாளில் காய்ச்சல் கண்டது. நான் ஜப்பான்காரன் காய்கறித் தோட்டத்தில் மண் கொத்தப் போயிருந்தேன். போகாவிட்டால் அரிசிச் சீட்டைப் பிடுங்கிவிடுவான். பக்கத்து வீட்டு விஜயாதான் பிள்ளையை, மருந்து கொடுக்கிற மலாய்க்கார டிரஸரிடம் கூட்டிப்போனாள். அவள் மலாக்கா செட்டி வீட்டுப் பெண். நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் மலாய்தான் வரும். தமிழில் நாலைந்து வார்த்தை தெரிந்தால் அதிகம். உன் மகளுக்கோ மலாய் வராது.

உடம்புக்கு என்ன என்று விஜயா கேட்டதற்கு இவள் தலையைக் குனிந்துகொண்டு, தூரம் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். விஜயா அதை அப்படியே மலாயில், ரொம்பத் தூரத்திலிருந்து வந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டாள். மலைக்காட்டுக் காய்ச்சல்தான் என்று டிரஸரும் கொய்னா மருந்து கொடுத்து அனுப்பிவிட்டான். விஜயாவை நான் எப்படிக் குறை சொல்வேன்? மாதவிலக்குக்குத் தூரம் என்று பெயர் வைத்தது நாம்தானே.

கொய்னா குடித்தும் காய்ச்சல் ஏறிப் பிதற்ற ஆரம்பித்தாள். உடுப்பு மாற்றப் போனபோதுதான் பார்த்தேன் அக்கா. கோணிச் சாக்கு. சாக்கைக் கிழித்துக் கட்டியிருக்கிறாள். தொடையெல்லாம் உரிந்து சீழ் வைத்திருந்தது. பாய்க்கடியில் இன்னொரு துண்டு, ஈரத்தோடு பூசணம் பூத்துக் கிடந்தது.  இந்தக் காலத்தில் எதை எதையோ பார்த்தாயிற்று, இப்படி அதிர்ந்துபோனதில்லை.

இப்போது கேட்டால், மலையில் எல்லாப் பெண்களும் இதைத்தான் கட்டுகிறோம், ஆம்பிளை கண்ணில் படும் என்று வெயிலில் போட அம்மா விடமாட்டாள், அந்த நாளில் விறகுக் கொட்டகையில்தான் படுக்கை என்கிறாள். அந்தக் குளிரிலா? நீ மூத்தவள், ஆனாலும் கேட்கிறேன். துணி இல்லாதது உன் குற்றமில்லை. வெயிலையுமா ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டான்?

விஜயாவை இழுத்துக்கொண்டு ஓடி, வெட்கத்தை விட்டு டிரஸரிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். புண்ணைக் கழுவி மருந்து கட்டினான். பதுக்கி வைத்திருந்த மாத்திரையும் கொடுத்தான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்காது என்றான். விஜயா வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள். நேற்றிலிருந்து காய்ச்சல் இறங்கியிருக்கிறது. கஞ்சி கேட்டாள்.

சுப்பையனிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். உன் சின்னவளுக்கு. சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப்போனார்களே என் வீட்டுக்காரரை, அவர் வந்தால் கட்டிக்கொள்ள என்று பெட்டியில் மடித்து வைத்திருந்த வேட்டிகள். கிழித்துவிட்டேன். பாதி சிவகாமிக்கு, பாதி சின்னவளுக்கு. புருஷன் வேட்டியை இதற்கா என்று நீ பதறுவாய். பதறு. ஆனால் திருப்பி அனுப்பாதே. கொதிக்கிற தண்ணீரில் அலசி, ஊர் பார்க்க வெயிலில் காயப் போடு. சின்னவளை உன் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொள்.

அவர் வந்து வேட்டி எங்கே என்று கேட்கட்டும் அக்கா. ஒரே ஒரு தரம் வந்து கேட்கட்டும். நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உன் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளும்
பூங்காவனம்