ரோஸியின் வலது கை

மட்டாஞ்சேரி,
ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு, மகா வணக்கத்துடன் எழுதுவது. உன் முதுகுவலி குறைந்ததா? நானும் கற்பகம் அத்தையும் நலம். அத்தை பக்கத்திலேயே இருப்பதால் போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

சென்னையில் குழந்தைகள் புற்றுநோய் வார்டில் நீ பயிற்சி எடுக்கும் போட்டோவை அத்தை போனில் பார்த்தேன். ஊசி எப்படிப் போடுவார்கள் என்று பொம்மையில் காட்டுகிறாய். தினமும் போனில் நீ என்னிடம் சொல்லும் அந்த வார்டுக் குழந்தை தர்ஷினி உன் மடியில் இருக்கிறாள். பொம்மை என் ரோஸி. என்னைக் கேட்காமல் கொண்டுபோயிருக்கிறாய். மடியும் என்னுடையதுதான்.

வெள்ளிக்கிழமை எனக்கு லேசான காய்ச்சல். பயப்படாதே, விட்டுவிட்டது. கிளினிக்கில் இரத்தம் எடுக்க வந்த நர்ஸிடம், "எப்படி எடுப்பீங்கன்னு முதல்ல காட்டுங்க சேச்சி" என்றேன். "ஒன்னுமில்லா மோளே, அங்ஙோட்டு நோக்கு" என்று என்னை அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டு ஊசியைக் குத்திவிட்டார். "நர்ஸு மகளுக்கா இவ்வளவு பயம்?" என்று அத்தை சிரித்தார். நான் அழவில்லை.

வரும்போது உன் பழைய சேலை ஒன்று கொண்டு வா, போர்த்திக்கொள்ள.

ரோஸியைத் தர்ஷினிக்கே கொடுத்துவிடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ரோஸியின் வலது கை இழுத்தால் கழன்றுவிடும், தர்ஷினி பயந்துவிடுவாள். டியூஷனுக்கு நேரமாகிவிட்டது. ஊசியை இடது கையிலேயே காட்டு அம்மா.

மகா