கறுப்பு யூனிஃபார்மும் வெள்ளை நாயும்

அக்கா,

இன்று காலை வாஷிங் மிஷினுக்குள் மாட்டியிருக்கும் சின்ன வலைப்பையைக் கழற்றி உதறினேன். இங்கே நாங்கள் வளர்க்கும் நாயின் ஈர முடியும் சோப்பும் கலந்த வாசனை குப்பென்று வந்தது. அடுத்த நொடி நான் சித்தூரில் இல்லை. ஏர்பேட்டு வீட்டில், உன் பக்கத்தில், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறேன். நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அழுகை வரும் என்று நினைத்தேன், சிரிப்புதான் வந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் அந்த வீட்டுக்குச் சின்ன மருமகளாக வந்தபோது, பெரிய மருமகளான நீ இரண்டு நாய்களோடு வாசலில் நின்று என்னை வரவேற்றாய். செவலை என் புதுச் சேலையை மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. வெள்ளையன் என் மேலேயே ஏறியது. நான் கத்தினேன். "பயப்படாதமே, உன்ன புடிச்சிருக்குது அதுக்கு" என்றாய். என்னைப் பிடித்திருக்கிறது என்று அந்த வீட்டில் முதலில் தெரியவந்தது ஒரு நாய் மூலமாகத்தான்.

தெருவுக்கு ஒருவர் குவைத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. உன் வீட்டுக்காரர், மாமாவும் அங்கே டிரைவர் வேலைக்குப் போயிருந்தார். அவர் விமானம் ஏறிய நாளிலிருந்து வெள்ளையன் உன் கட்டிலுக்குக் கீழேதான் படுக்கும். பேச ஆளில்லாத நேரத்தில் நீ மாமாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அதனிடம் சொல்வாய். அடுத்த அறையில் இருந்த எனக்கு எல்லாம் கேட்கும். கேட்காத மாதிரி இருப்பேன்.

வில்லங்கம் யூனிஃபார்ம் வடிவத்தில் வந்தது. என் வீட்டுக்காரருக்குத் திருப்பதியில் புதிதாகத் திறந்த ஹோட்டலில் வேலை கிடைத்தது. கறுப்பு பேண்ட், கறுப்புச் சட்டை. வயல் வேலையும் கூலி வேலையுமாக இருந்த குடும்பத்தில் இஸ்திரி போட்ட துணியில் வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான். அந்தக் கறுப்பில் வெள்ளையனின் முடி ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு நிற்கும். கல்லில் அடித்துத் துவைத்தாலும் போகாது. இன்னும் ஆழமாக ஏறிக்கொள்ளும்.

ஒருநாள் அவர் வந்ததும் வராததுமாக முற்றத்திலேயே நின்று சொன்னார்: "அண்ணி, மேனேஜர் இன்னிக்கு எல்லாருக்கும் முன்னால என் தோள்ல இருந்து முடி எடுத்துக் காட்டினார். இன்னொரு வாட்டின்னா வேலைக்கு வராதேன்னுட்டார்."

அத்தை உடனே முடிவு சொல்லிவிட்டார். "ஞாயித்துக்கிழமை வேர்க்கடல ஏத்த டெம்போ வருது. ரெண்டையும் அதுல ஏத்திடு. வரதய்யபாளையத்துல என் தம்பி நிலத்துல கெடக்கட்டும்."

நீ உள்ளே போனாய். திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. "அத்த, அவுரு கலர் டிவி வாங்கச் சொல்லி அனுப்பிச்சிருக்காரு இல்ல? டிவி வேணாம். துணி தொவைக்கிற மிஷின் வாங்கறேன்."

"மிஷின் தொவைச்சா மட்டும் முடி போயிடுமா?"

"போவலன்னா நானே ரெண்டையும் டெம்போல ஏத்தறேன்."

சொல்லிவிட்டாயே தவிர, மிஷினைப் பற்றி உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நம் ஊரில் யார் வீட்டிலும் அது கிடையாது. குவைத்தில் வேலை செய்யும் வீட்டில் கண்ணாடிக் கதவு வைத்த மிஷின் இருப்பதாக மாமா எழுதியிருந்தார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை நாம் பஸ் ஏறினோம். உன் மடியில் ஒரு பை. அதற்குள் நாய்கள் படுக்கும் பழைய போர்வை, இவருடைய பழைய யூனிஃபார்ம் ஒன்று. எதற்கு அக்கா என்று கேட்டேன். "சேலை வாங்கப் போனா பிரிச்சிப் பார்க்கறோம் இல்ல? மிஷின மட்டும் பார்க்காம வாங்குவாங்களா?" என்றாய். ரேணிகுண்டா வருவதற்குள் பஸ் முழுக்க வாசனை. கண்டக்டர் மூக்கைச் சுளித்து, "ஏம்மா, குக்க வாசன வஸ்தாந்தி?" என்றார். "அவுனு, குக்கதே" என்று நீ பெருமையாகப் பையைத் தட்டிக் காட்டினாய். நாய் வாசனைதான், அதற்கென்ன இப்போது என்கிற தோரணை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திருப்பதியில் ஒரு பெரிய கடைக்குள் நுழைந்ததும் நமக்குக் கண் கூசியது. புதுசு புதுசாக ஃபிரிட்ஜும் டிவியும் மிக்ஸியும். நடுவில் அது, வட்டக் கண்ணாடிக் கதவோடு, வெள்ளை வெளேரென்று. நீ கிட்டே போய் கண்ணாடியில் கை வைத்தாய். "இதாம்மே. இதான் அவுரு எழுதினது." வேறு எதையும் பார்க்க உனக்கு மனமில்லை.

சேல்ஸ்மேன் விலை சொல்லத் தொடங்கினார். நீ பையைப் பிரித்துப் போர்வையை மேசை மேல் வைத்தாய். "மொதல்ல இதத் தொவைச்சிக் காட்டுங்க."

கல்லாவில் இருந்த முதலாளி எழுந்தே விட்டார். "அம்மா, இதென்ன நாய்த் துணியா? நாலு கஸ்டமர் வர்ற கடைம்மா இது!"

"அப்போ நாங்க இன்னா கஸ்டமர் இல்லியா?"

ஃபிரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்த தம்பதி நம் பக்கம் திரும்பினார்கள். நான் உன் சேலையைப் பிடித்து இழுத்தேன். முதலாளி உன்னைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். "சரி, பின்னால டெமோ மிஷினுங்க இருக்கு. அங்க போடலாம்."

பின்கட்டில் குழாய்த் தண்ணீரோடு மிஷின்கள் வரிசையாக இருந்தன. கண்ணாடிக் கதவுக்குள் போர்வையும் யூனிஃபார்மும் போயின. நீ கோணிச் சாக்கின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாய். துணி புரளப் புரள உன் தலையும் கூடவே ஆடியது. "பாரேன், பாரேன், நுரை எப்டி வருது!" ஃபிரிட்ஜ் தம்பதியும் வந்து நின்றார்கள். காபி கொண்டுவந்தவர் தூக்கை வைத்துவிட்டு நின்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. நடுவில் கரண்ட் போய் வந்தபோது எல்லோரும் ஒரே குரலில் 'அய்யோ' என்றார்கள்.

கதவு திறந்தது. நீ யூனிஃபார்மை உதறி வெளிச்சத்தில் பிடித்தாய். போர்வையில் இருந்த முடியெல்லாம் கறுப்புச் சட்டைக்கு வந்து சேர்ந்திருந்தது. குறைந்த தண்ணீரில் புரட்டுகிற மிஷின், முடி போக வழியில்லை என்று முதலாளியே ஒப்புக்கொண்டார்.

நீ சட்டையை மடித்தாய். மிக மெதுவாக, புதுத் துணி போல. "வாமே, போலாம்." அந்தக் குரலை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. வெள்ளையனை டெம்போவில் ஏற்றுவதை நீ மனசுக்குள் பார்த்துவிட்டாய் என்று எனக்குத் தெரிந்தது.

அதுவரை நான் எந்தக் கடையிலும் வாய் திறந்ததில்லை. வளையல் வாங்கக்கூட நீதான் பேசுவாய். ஆனால் என் கண், கடையின் ஒரு மூலையில் இருந்த இரட்டைத் தொட்டி மிஷின் மேல் போயிருந்தது. துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி, பார்க்கச் சாதாரணம். தொட்டியின் உள்சுவரில் காலுறை போல ஒரு வலை தொங்கியது.

"அந்த வல இன்னாத்துக்கு?" என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"துணியில வர்ற பஞ்சு பிடிக்கம்மா" என்றார் சேல்ஸ்மேன்.

"முடியப் புடிக்குமா?"

"அது தெரியாதும்மா. யாரும் கேட்டதில்ல."

"அப்போ போட்டுக் காட்டுங்க."

நீ திரும்பி என்னைப் பார்த்த பார்வை! வாசல் வரை போனவள் திரும்பி வந்து பையைக் கீழே வைத்தாய்.

இந்த முறை போர்வையைச் சேர்க்க வேண்டாம் என்றேன். சட்டையை நன்றாக உதறிப் போட்டோம். தண்ணீரைத் தொட்டி நிறைய விடச் சொன்னேன். சுற்றியது. மேலே வெள்ளை முடி மிதந்து வந்தது. "குழாய மூடாதீங்க, வழிஞ்சி போவட்டும்" என்று நீ கத்தினாய். வழிந்த தண்ணீரோடு பாதி முடி ஓடியது. மீதி சுற்றிச் சுற்றி அந்த வலைக்குள் போய் அடைந்தது. "போவுது, போவுது!" என்று ஃபிரிட்ஜ் அம்மாள் கை தட்டினார். இரண்டாம் முறை அலசி, பிழிகிற தொட்டியில் போட்டு எடுத்தோம்.

சட்டையை நீ கையில் வாங்கவில்லை. "நீயே பாருமே" என்றாய். டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்தேன். கறுப்பு. வெறும் கறுப்பு.

நீ என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாய். அந்த ஈரத் தரையில் இரண்டு பேரும் விழாமல் இருந்தது ஆச்சரியம். முதலாளி வலையைக் கழற்றி முடியை உருட்டிப் பார்த்துவிட்டு, சேல்ஸ்மேனிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். நீ சிரித்து எனக்குச் சொன்னாய்: "அவுரு வூட்லயும் ஒரு நாய் கீதாம். இதே மாதிரி ஒண்ணு அவுருக்கும் எடுத்து வைக்கச் சொல்றாரு!"

சனிக்கிழமை மிஷின் வந்தது. போர் தண்ணீரைக் குடத்தில் மொண்டு ஊற்றித் தெரு முழுக்கப் பார்க்கத் துவைத்தோம். திங்கட்கிழமை இவர் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, "மேனேஜர் தோளப் பார்த்தார், ஒண்ணும் சொல்லல" என்றார். அதற்கு முன்பே, ஞாயிற்றுக்கிழமை, டெம்போ வெறும் வேர்க்கடலை மூட்டைகளோடு வரதய்யபாளையம் போயிருந்தது. அதை அனுப்பிவைத்தது அத்தைதான். "நாய்ங்க எங்க?" என்று டிரைவர் கேட்டதற்கு, "அதுங்க துன்னுக்கினு கீதுங்க, நீ கெளம்பு" என்றார்.

பிறகு மாமா ஊருக்கே திரும்பி வந்தார். டிவி இல்லையே என்று ஒருநாள்தான் குறைப்பட்டார். நாங்கள் இவருடைய வேலையோடு சித்தூருக்கு வந்துவிட்டோம். நீ மட்டும் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் மிஷினைக் காட்டி, "இவ எடுத்ததுதான். எனக்கு இன்னா தெரியும், கண்ணாடியப் பார்த்து மயங்கினவதானே நானு" என்பாய். முழுப் பெருமையையும் என் பக்கம் தள்ளிவிட்டு நீ சிரித்துக்கொண்டு நிற்பாய். பஸ்ஸில் அந்தப் பையைத் தூக்கி வந்தவள் யார் என்பதை மட்டும் சொல்லவே மாட்டாய்.

அந்தப் பேச்சு எப்படியோ சித்தூர் வரை வந்துவிட்டது அக்கா. எங்கள் தெருவில் யார் ஃபிரிட்ஜ் வாங்கினாலும், பம்ப் வாங்கினாலும் என்னைத்தான் கூட அழைத்துப்போகிறார்கள். நாளைக்கு எதிர் வீட்டுப் புது மருமகளோடு வாஷிங் மிஷின் வாங்கக் கடைக்குப் போகிறேன். அவள் வீட்டில் பூனை. "நீங்களே கேட்டுடுங்கக்கா, எனக்குக் கடைல பேசவே வராது" என்றாள்.

நான் சொன்னேன்: "நீ கேளுமே. நான் பக்கத்துல நிக்கறேன்."