பின் சக்கரத்துக் கல்

ஏற்காடு
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுதாராணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீ அந்த மஸ்கட் ஆஸ்பத்திரியில் வேளைக்குச் சாப்பிட்டு, டூட்டி முடிந்து வந்தால் கொஞ்சமாவது தூங்கி, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று சேர்வராயன் சாமியைக் கும்பிட்டுத் தொடங்குகிறேன். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை, அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே கண்ணு. போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, வேலையாக இருக்கிறேன் என்று மெசேஜ் மட்டும் வருகிறது. முன்னே எடுத்தபோதும் நீ அந்தப் பக்கம் அழுதாய், நான் இந்தப் பக்கம் அழுதேன், அம்மா போனைப் பிடுங்கி அவள் பங்குக்கு அழுதாள், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோனது. உன் தம்பி ஜீவானந்தத்தை எடுத்த அன்று நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லியாக வேண்டும். காகிதம் என்றால் அது பாட்டுக்குக் காத்திருக்கும், நீ அழுது முடித்துவிட்டு மறுபடி எடுத்துப் படிக்கலாம்.

இங்கே மழை விட்டபாடில்லை. காப்பிப் பழம் பழுத்து உதிர்கிறது, பறிக்க ஆள் கிடைக்காமல் எஸ்டேட் ரைட்டர் டோமினிக் என்னையே ஜீப்பை ஓரங்கட்டிவிட்டுக் கூடையைக் கட்டச் சொன்னார். நான் பறித்த லட்சணத்தைப் பார்த்து அம்மா எல்லோர் முன்னாலும் சிரித்தாள். ஜீவா போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான், சிரித்த கையோடு செடி மறைவுக்குப் போய் உட்கார்ந்து அழுதாள். முழங்கால் வலிக்கு நீ சொன்ன மாத்திரையைப் போடுகிறாள். சாப்பாடுதான் சரியாக இறங்குவதில்லை, நான் சத்தம் போட்டால் இரண்டு வாய் சாப்பிடுகிறாள், எனக்கும் அவள் சத்தம் போட்டால்தான் இறங்குகிறது.

தம்பி போட்ட கார் படங்களை எல்லாம் டிரங்குப் பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன். அவன் வேலை பார்த்த லாட்ஜ் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு, வந்து நிற்கிற டூரிஸ்ட் கார்களைப் பார்த்துப் பார்த்துப் பழைய பில்லின் பின்பக்கத்தில் போட்டவை. ஆனால் ஒன்றுகூட அந்தக் கார்களைப் போல இருக்காது, எல்லாம் அவனே யோசித்தது. கீழே கார் செய்கிறவர்கள் மூக்கை நீளமாக வைத்துவிடுகிறார்கள், கொண்டை ஊசி வளைவில் திருப்பும்போது ரோட்டு ஓரம் தெரிவதில்லை என்று இவன் குட்டை மூக்காகப் போடுவான். டிரைவர் பக்கத்துக் கதவில் முழங்காலுக்கு நேராக ஒரு சின்னக் கண்ணாடி வைப்பான், சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று எட்டிப் பார்க்காமலே தெரியுமாம். அம்மாவுக்கு மலை இறங்கினாலே வாந்தி வருமே, அவளுக்கென்று வளைவுக்குத் தகுந்தபடி சாய்ந்து கொடுக்கிற சீட் ஒன்று எல்லாக் காரிலும் இருக்கும். ஒருநாள் கரண்டில் ஓடுகிற கார் போட்டிருக்கிறேன், சத்தமே வராது என்று காட்டினான். சத்தம் வராமல் வளைவில் வந்தால் எதிரே வருகிறவன் ஜோசியம் பார்த்தா ஒதுங்குவான் என்று கேட்டேன். மறுநாள் அதே காரின் கூரைமேல் பஸ் ஹாரன் மாதிரி பெரிதாக ஒன்றை வரைந்துகொண்டு வந்து, "இப்பச் செரியாப் போச்சுங்களாப்பா" என்றான். கார் கம்பெனிக்கு அனுப்பேன் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். "பொழுதுக்கும் பில்லு போட்டுட்டு, சந்தோசத்துக்குப் போடறதுங்க இது, இதுக்கும் மார்க் வாங்கணுங்களா" என்பான். சக்கரம் போடுவதற்கு அம்மாவின் பச்சை வளையலைத்தான் வைத்துச் சுற்றுவான், உனக்கு நினைவிருக்கும். கருமாதியன்று படையலில் அவன் பென்சிலோடு அந்த வளையலையும் அம்மா வைத்தாள். அதை இனிமேல் கையில் போடமாட்டேன் என்கிறாள்.

எல்லாப் படத்திலும் கார் மேடேறுகிற வாக்கில்தான் நிற்கும். சமதரையில் நிற்கிற காரை அவனுக்குப் போட வராது, நம் ஊரில் அவன் அப்படி ஒன்றைப் பார்த்தால்தானே. பின் சக்கரத்துக்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருப்பான். அது உன்னுடைய இடம். என் பழைய ஜீப்புக்கு ஹேண்ட்பிரேக் பிடிக்காது, எங்கே நிறுத்தினாலும் சின்னப் பெண் நீதான் குதித்து இறங்கிக் கல் தேடி எடுத்துவந்து சக்கரத்துக்கு அண்டக் கொடுப்பாய், "வெச்சாச்சுங்கப்பா" என்று நீ கத்தும்வரை நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கமாட்டேன். அவன் உள்ளே ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பான். படம் போடத் தொடங்கியபோதும் அதே கதைதான், கார் அவன் போட்டான், கல் நீ போட்டாய். நர்சிங் படிக்கப் போன பிறகும் லீவில் வந்தால் சேர்ந்து கிடக்கிற கார்களுக்கெல்லாம் உட்கார்ந்து கல் வைத்துவிட்டுத்தான் போவாய். மஸ்கட் போன பிறகு அவன் போட்டது எதற்கும் கல் இல்லை. நீயே ஒரு கல்லைப் போட்டுக்கொண்டால் என்ன கை தேய்ந்துவிடுமா என்று ஒருமுறை கேட்டேன். "அது அக்கா வேலைங்க, அக்கா வந்து வெக்கட்டும்" என்று சொல்லிவிட்டான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று சேலம் ஆஸ்பத்திரியில் சொன்ன அந்த வாரத்திலேயே அவன் போய்விட்டான். உனக்கு லீவும் கிடைக்கவில்லை, டிக்கெட்டும் கிடைக்கவில்லை. நீயே போனில், "எனக்காகக் காக்க வெக்காதீங்க, எடுத்துடுங்கப்பா" என்றாய். அதைச் சொல்ல நீ என்ன பாடுபட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். பிறகு உன் அத்தை கலாவின் மகள் மேனகா வெள்ளக்கடையிலிருந்து உனக்குப் போன் போட்டு, தம்பியை ஏற்றிய வண்டி வாசலை விட்டு நகரவே இல்லை, அக்காளைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று ஜீவா நின்றுவிட்டான் என்று சொல்லியிருக்கிறாள். போன வாரம் அவளே என்னிடம் சொன்னாள். நீ ஏன் போனை எடுப்பதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பிள்ளை இத்தனை நாளும் இதைச் சுமந்துகொண்டா டூட்டிக்குப் போய்வந்தாள் என்று ஜீப்பிலேயே உட்கார்ந்து அழுதேன்.

நடந்ததைக் கேள் சாமி. அமரர் வண்டி சேலத்திலிருந்து வந்தது. நம் லயன் வீட்டுக்கு முன்னால் திருப்ப இடமில்லை, மேடேறி வந்து நின்றால் ரிவர்ஸிலேயேதான் இறங்க வேண்டும். வண்டி வந்து நின்றதும் நான் போய் ஒரு கல்லை எடுத்துவந்து பின் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தேன். என் பிள்ளையைக் கொண்டுபோக வந்த வண்டிக்கு. ஆயுசு முழுக்கப் பழகிய கை, அது பாட்டுக்குச் செய்துவிட்டது, நானும் அந்த நிமிஷமே மறந்துவிட்டேன். அவனை ஏற்றிவிட்டு நான் தலைமாட்டில் உட்கார்ந்தேன். டிரைவர் மலை ரோடு பழகாத கீழ்நாட்டுப் பையன், கல் வைக்கிற வழக்கம் அவனுக்கு என்ன தெரியும். ரிவர்ஸ் போட்டு முறுக்குகிறான், வண்டி உறுமி ஆடுகிறது, நகரவில்லை. கலா மாரில் அடித்துக்கொண்டு, "புள்ளைக்குப் போவ மனசில்லீங்க, அக்காளைத் தேடறானுங்க" என்று கதறினாள், கூடவே எல்லோரும் கதறினார்கள். டிரைவர் மறுபடி முறுக்கியபோது எனக்குத் தெரிந்துவிட்டது, பின்னால் நான் வைத்த கல் இருக்கிறது என்று. தெரிந்தும் சொல்லவில்லை கண்ணு. சொன்னால் ஜீவா போய்விடுவான், இன்னும் கொஞ்ச நேரம் நம் வாசலில் இருக்கட்டும் என்று இருந்தது. அப்புறம் நானே இறங்கிப்போய்க் காலால் கல்லைத் தள்ளினேன், வண்டி இறங்கியது. கூட்டத்தில் யாரும் கல்லைப் பார்க்கவில்லை. அப்பன் போய்ச் சொன்னதும் கேட்டுக்கொண்டான் என்று பேசிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் கல் கதையை யாரிடம் நான் சொல்வது.

ஆகவே தம்பி உனக்காக அடம் பிடிக்கவில்லை, உன்மேல் அவனுக்கு எந்தக் குறையும் இல்லை. வண்டியை நிறுத்தியது கல், கல்லை வைத்தது உன் அப்பா. நீ எடுக்கச் சொன்னதும் சரிதான், இன்னொரு நாள் வைத்திருந்தால் அம்மாவையும் சேர்த்துப் பறிகொடுத்திருப்பேன். கலாவிடமும் இதைச் சொல்லிவிட்டேன். "கல்லுங்கறது ஒரு சாக்குங்கண்ணா, அது அவன் மனசுதானுங்க" என்கிறாள். அப்படி நம்பினால் அவளுக்கு ஆறுதல் என்றால் நம்பிவிட்டுப் போகட்டும். நீ நம்பாதே. ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். உயிரோடு இருக்கிற பிள்ளையின் குரலும் கேட்கவில்லை என்றால் நான் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பேன் சொல்.

அவன் கடைசியாகப் போட்ட காரை இத்துடன் வைத்திருக்கிறேன், மடிக்க மனம் வராமல் பெரிய கவராக வாங்கினேன். ஒரு கதவுக்குக் கைப்பிடி இல்லை, அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. அது அப்படியே இருக்கட்டும், நீ கல்லை மட்டும் போடு. நானே போட்டுவிடலாம் என்று பென்சிலை எடுத்தேன், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது அவ வேலைங்க" என்றாள். லீவு கிடைத்ததும் வா, பெட்டியில் இருக்கிற மற்றதற்கெல்லாம் வந்துதான் வைக்க வேண்டும்.

தலைக்கு எண்ணெய் வைக்காமல் அந்த வெயிலில் அலையாதே, வெறும் டீயைக் குடித்துவிட்டு டூட்டிக்கு ஓடாதே. சேர்வராயன் உன்னை எந்த நோயும் அண்டாமல் நீடூழி காக்கட்டும், நாங்கள் இருவரும் உன் தலைமேல் கை வைத்து ஆசீர்வதிக்கிறோம். மறந்துவிடாதே, கல்லைப் போட்டதும் எனக்குப் போன் செய். வேறு எதுவும் பேச வேண்டாம், வெச்சாச்சுங்கப்பா என்று மட்டும் சொல். அதைக் கேட்கும்வரை நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாது கண்ணு.

இப்படிக்கு
உன் குரலுக்குக் காத்திருக்கும் அப்பா
அம்மாசி