வெயில் ஏறினால் கேட்காத கால்

அண்ணி,

தேயிலைத் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராவில் யாருக்கோ காய்ச்சல். டர்பன்டைன் இலை அவிக்கிற வாடை சுவர் தாண்டி வருகிறது. அந்த வாடை வந்தாலே எனக்கு முகம் சுண்டிவிடுகிறது. கால் வலுக்கட்டும் என்று அண்ணன் அந்த இலை போட்டு வெந்நீர் வைத்துக் கொடுத்த நாளில், நீங்கள் குளித்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். உடம்பு ஆறியதும் தானாக எழுந்து நடந்து வந்தீர்கள். அதைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் பிடித்தது.

காலைப் பனியில் கூடையோடு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பதும் நீங்கள்தான். பத்து மணி வெயிலில் மலைச்சரிவில் கால் மடங்கி விழுவதும் நீங்கள்தான்.

"வெயில் ஏறுனா கால் பேச்சக் கேக்க மாட்டேங்குது தம்பி. புள்ளக் காம்பராவுல புள்ளைங்களப் பாத்துக்கற வேல குடுக்கச் சொல்லு. நீ படிச்ச வாத்தியாரு, சொன்னா கண்டாக்கு நம்புவாரு" என்றீர்கள்.

போனேன். "மெய்யாவே முடியாதா மாஸ்டர்?" என்று கேட்டார், மலை வேலையைப் பங்கிடும் கண்டாக்கு. சொந்தக்காரிக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று கூச்சம் எனக்கு.

"காலையில நல்லாத்தான் இருக்காங்க ஐயா. கொஞ்சம் நடிப்பு மாதிரித்தான் தெரியுது."

அவர் தலையாட்டினார். நீங்கள் மறுபடியும் கொழுந்து பறிக்க மலைக்கே போனீர்கள்.

கண்டி டாக்டர் கடைசியில் விளக்கியபோது எனக்குத் தலை நிமிரவில்லை. நரம்பைச் சுற்றிய மயலின் உறை அழற்சியில் அழிந்திருக்கிறது. முன்பு உறையின் இடைவெளிகளில் மட்டும் கூடி நின்ற, நரம்புச் செய்தியைக் கடத்தும் சோடியம் கால்வாய்கள், உறை போன இடமெங்கும் பரவி, எப்படியாவது செய்தியைக் காலுக்குக் கொண்டு சேர்க்கப் பாடுபடுகின்றன. அந்தப் பாடே நரம்பை மெல்லக் கெடுக்கவும் செய்கிறது. உடம்பு சூடானால் கால்வாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்கின்றன. செய்தி பாதி வழியில் நின்றுபோகிறது. ஆறினால் மறுபடி போகிறது. உயர்தர வகுப்புக்கு வருடா வருடம் நான் கரும்பலகையில் வரைகிற நரம்புதான் அது. அன்றைக்கும் அதை வரைந்த கையோடுதான் கண்டாக்கைப் பார்க்கப் போயிருந்தேன். வெட்கமாக இருக்கிறது, அண்ணி.

உங்கள் கருமாதி முடிந்தபின் இதையெல்லாம் உங்கள் மகளுக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டாள்.

"அப்ப அம்மா நடிக்கலதானே சித்தப்பா? யாரோ கண்டாக்குகிட்ட அப்பிடிச் சொல்லிட்டாங்களாம். யாருன்னு அம்மாவுக்குத் தெரியும். கேட்டுக் கேட்டுப் பாத்தேன், கடைசி வரைக்கும் சொல்லல. ஒங்களுக்குத் தெரியுமா?"

உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அத்தனை வருடமும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டீர்கள்.

"தெரியலம்மா" என்றேன்.

அவளும் நான் சொன்னதை நம்பிவிட்டாள், அண்ணி.