புயலில் சாகாத கேப்டன்

ஜூன் 2

வானத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் என் அக்கா மகளுக்கும், அவள் மகள் வாலுவுக்கும் நாற்காலி மாமா எழுதுவது.

இங்கே நாங்கள் சுகம். அங்கே நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள், என் வாக்கு தப்பாது. துறைமுகத்தில் நீ ஓட்டும் கிரேன் பதினைந்து மாடி உயரம் என்று எழுதியிருந்தாய். நான் கடைக்கு வருகிறவர்களிடம் ஐம்பது மாடி என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீ சின்ன வயதிலிருந்தே எதையும் குறைத்துச் சொல்கிறவள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் எட்டாம் தேதி வெள்ளி முதல் ஞாயிறு வரை பெரியண்ணன் வீட்டில் குடும்பம் மொத்தமும் கூடுகிறது. நாற்பத்தாறு தலை. நாற்காலி எல்லாம் நம் வாடகைக் கடையிலிருந்துதான். அண்ணன் என்னைக் கூப்பிட்டு, தன் வாயாலேயே, “அவளையும் பிள்ளையையும் வரச்சொல்லுடா” என்றார்! ஆறு வருடமாக உன் பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிற மனிதர். எப்படி மாறினார் என்று கேட்காதே. எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். அந்தக் கணக்கில் பதினாறாவது படித்த மூளை. அது வேலை செய்தது, அவ்வளவுதான்.

உடனே டிக்கெட் போடு. விமானத்தில் ஜன்னல் பக்கம் வாலுவுக்குக் கொடு. உனக்கு உயரம் பழக்கம்தானே.

இப்படிக்கு,
எடுத்த காரியத்தை முடிக்காமல் விடாத
மாமா


ஜூன் 14

அன்புள்ள மாமா,

கடிதம் வந்த அன்றே லீவு எழுதிக்கொடுத்து டிக்கெட்டும் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இறங்குகிறோம். வாலு இப்போதே பெட்டியைத் திறந்து நடுக்கூடத்தில் போட்டிருக்கிறாள். தினமும் ஒரு சட்டை உள்ளே போகிறது, ஒரு சட்டை வெளியே வருகிறது. ஒன்பது வயதில் இதுதான் அவளுக்கு முதல் விமானம். “நாற்காலித் தாத்தா நெஜமாவே அவ்ளோ பெரிய மீசை வெச்சிருக்காரா?” என்று கேட்டாள். பாதி மீசை, பாதி பேச்சு என்றேன்.

பெரியமாமா கூப்பிட்டார் என்பதை மூன்று தடவை படித்தேன். வாலுவைக் குழந்தைகள் இல்லத்திலிருந்து சட்டப்படி மகளாக எடுத்துக்கொண்ட வருடம் அவருக்குத்தான் முதலில் எழுதினேன். அதற்குள் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். கல்யாணம் ஆகாதவளுக்குப் பிள்ளை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒன்று மட்டும் புரியவில்லை. நேற்று பெரியமாமாவின் மகனிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. வாழ்த்து இல்லை, இரங்கல். “கேப்டனின் மறைவு எங்களுக்கும் பேரிழப்பு” என்று எழுதியிருக்கிறான். எந்தக் கேப்டன் மாமா?

உங்கள்
மருமகள்


ஜூன் 25

என் கண்ணான மருமகளுக்கு,

கோபப்படாமல் உட்கார்ந்து படி. தண்ணீர் குடித்துவிட்டுப் படி.

கேப்டன் உன் வீட்டுக்காரர். கப்பல் கேப்டன். உன் துறைமுகத்துக்கு வந்தபோது நீ மேலேயிருந்து பெட்டி இறக்கிய அழகைப் பார்த்து மயங்கிவிட்டார். அவசரக் கல்யாணம், அதனால்தான் நமக்குச் சொல்லவில்லை. வாலு பிறந்த ஆறாம் மாதம் நடுக்கடலில் புயல். நூற்று இருபது பேரைப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கடைசி ஆளாகக் கப்பலோடு போனார். இதை நான் சொன்னபோது அண்ணன் வீட்டில் கண் கலங்காதவர்கள் இல்லை. அண்ணன் மூக்கைச் சிந்திக்கொண்டு, “இவ்வளவு பெரிய மனுஷனோட பிள்ளையை வெளியில நிறுத்திட்டோமேடா” என்றார். இது வெற்றியா இல்லையா, நீயே சொல்.

ஒரு சின்னச் சிக்கல் மட்டும் உண்டு. அண்ணன் தலைமை எழுத்தராக முப்பது வருடம் இருந்தவர், எல்லாவற்றுக்கும் சான்று கேட்பார். கேப்டன் படம் வேண்டும், கூடத்தில் மாட்ட வேண்டும் என்றார். நான் ஃப்ரேம் கடைக்குப் போய், வெள்ளைச் சீருடையில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற ஒருவர் படத்தைத் தேடி எடுத்தேன். பார்த்தால் கப்பலே பயப்படும். உண்மையில் அவர் பேண்டு வாத்தியக் கோஷ்டியில் ஊதுகிறவர். படத்தில் கையிலிருந்த வாத்தியத்தைக் கடைக்காரர் வெட்டிவிட்டார். யாருக்கும் தெரியாது.

நீ செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சனிக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் படத்துக்கு எதிரே இரண்டு நிமிடம் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். நீ தலையைக் குனிந்துகொள். வாலு கொஞ்சம் கண்ணைத் துடைத்தால் நன்றாக இருக்கும், கட்டாயமில்லை. இரண்டரை நாள்தானே, ஞாயிறு சாயங்காலம் விமானம் ஏறிவிடப் போகிறீர்கள். இது பிடிக்கவில்லையென்றால் வாலுவை உன்னோடு வேலை பார்க்கிறவருடைய பிள்ளை என்று சொல்லிவிடலாம். ஆனால் கேப்டன் மேல் எனக்கே பாசம் வந்துவிட்டது.

உன் அத்தை இதைப் பார்த்துவிட்டு, “அந்தப் பொண்ணு தாலியே கட்டல, நீங்க விதவையாக்கிட்டீங்க” என்கிறாள். அவளுக்கு யோசிக்கத் தெரியாது.

அன்பு
மாமா


ஜூலை 6

மாமா,

உங்கள் கடிதத்தை முதலில் படித்தது நான் இல்லை. வாலு. அவள் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பதே உங்கள் கடிதங்களை வைத்துத்தான். நான் ஷிஃப்ட் முடிந்து வந்து காலணியைக் கழற்றும்போது மேசையில் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“அம்மா, இந்தக் கேப்டன் நம்ம வீட்ல எப்ப இருந்தாரு?”

“எப்பவும் இல்ல.”

“அப்ப அவருக்காக நான் எதுக்கு அழணும்?”

இந்தக் கேள்வியை உங்களுக்கே அனுப்புகிறேன். பதில் தெரிந்தால் எழுதுங்கள்.

மூன்று வயதில் இல்லத்து வரவேற்பறையில் என்னைப் பார்த்து, “நீங்கதான் என்னைக் கூட்டிட்டுப் போக வந்த ஆளா?” என்று கேட்டவள் அவள். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பொய்கூடக் கிடையாது. பள்ளியில், மருத்துவமனையில், வீட்டு உரிமையாளரிடம், எந்தப் படிவத்திலும் ‘தாய்’ என்ற இடத்தில் என்னை எழுதிவிட்டு, ‘தந்தை’ என்ற இடத்தில் நேராக ஒரு கோடு போடுவேன். அந்தக் கோட்டின் மேல் கொண்டுபோய் ஒரு வாத்தியக்காரரை நிறுத்தியிருக்கிறீர்கள்.

டிக்கெட்டை ரத்து செய்வேன் என்று நினைத்தால் அது நடக்காது. வருகிறேன். என் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெரியமாமா வீட்டு வாசல்வழியாகவே வருகிறேன். எழுந்து நிற்க மாட்டேன், தலை குனிய மாட்டேன், அவளும் மாட்டாள். சனிக்கிழமை எல்லோரும் உட்கார்ந்த பிறகு, இவள் என் மகள், நான் தேடிப் போய் எடுத்துக்கொண்ட மகள் என்று சொல்வேன். பிடிக்காதவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போகட்டும்.

அதற்கு முன்னால் உண்மையை நீங்களே சொல்லிவிட்டால் உங்களுக்கு நல்லது. கதையைக் கட்டியது நீங்கள், பிரிப்பதும் நீங்களாக இருந்தால் மரியாதை.

வாலு உங்கள் மேல் கோபமாக இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபமாக இருக்கிறது.

மருமகள்


ஜூலை 19

மருமகளுக்கும் என் பேத்திக்கும்,

இந்தத் தடவை நீட்டாமல் எழுதப் பார்க்கிறேன். விரைவுத் தபாலில் போடுகிறேன்.

உன் கடிதத்தை நான்கு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் ஞாயிறு. நாற்காலி எப்படிப் போடுவது என்று பேச அண்ணன் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். ஒரு லோடு ஏற்கெனவே இறக்கியாகிவிட்டது. கேப்டன் சுவரில் இருந்தார். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மேலே ஏறிப் படத்தைக் கழற்றினேன்.

“டேய், கேப்டனை எதுக்குடா எறக்குற?”

“இவரு கேப்டன் இல்லண்ணே. பேண்டுல ஊதுறவரு. உயிரோட நல்லா இருக்காரு. போன வாரம்கூட ஒரு கல்யாணத்துல வாசிச்சாரு, நான்தான் அங்க நாற்காலி போட்டேன்.”

சின்ன அண்ணி மட்டும் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

“அப்ப அந்தப் பிள்ளைக்கு அப்பன் யாரு?” என்றார் அண்ணன்.

“தெரியாது. இல்லத்துல இருந்து முறையா எடுத்து வளர்க்குறா. அம்மா யாருன்னு தெரியும், நம்ம அக்கா பொண்ணு. அவ எழுதி அனுப்பினதை நீங்க பிரிச்சுப் பார்த்திருந்தா எனக்கு இந்தப் புயல் வேலையெல்லாம் இருந்திருக்காது.”

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவர் தீர்ப்பு எழுதப் போகிற அடையாளம். “சரி. அவ வரட்டும். பிள்ளை யாரோ தெரிஞ்சவங்க பிள்ளைன்னு சொல்லிட்டு ஓரமா உட்காரட்டும்” என்றார்.

நான் இன்னும் நாற்காலி மேல்தான் நின்றுகொண்டிருந்தேன். அந்த உயரத்தில் தைரியம் வந்ததா தெரியவில்லை, உனக்குத்தான் அது தெரியும். “பொய் சொல்றதுக்கு இந்தக் குடும்பத்துல ஒருத்தன் போதும்ணே. அது நான். நானே அதை விடலாம்னு இருக்கேன், நீங்க புதுசா ஆரம்பிக்காதீங்க” என்றேன்.

“அப்ப என் வீட்ல எடம் கெடையாது.”

“வீடு உங்களோடது. நாற்காலி என்னோடது.”

இருபது நாற்காலியையும் நானும் உன் அத்தையும் வண்டியில் ஏற்றினோம். ஒருவரும் கை கொடுக்கவில்லை. என் முட்டி வலித்தது, இடையில் இரண்டு தடவை உட்கார்ந்தேன். நான் தனி ஆளாக ஒரே மூச்சில் ஏற்றினேன் என்று கடையில் சொல்லியிருக்கிறேன், அதை மட்டும் நீ காட்டிக்கொடுக்காதே.

சனிக்கிழமை சாப்பாடு நம் குடோனில். தகரக் கூரை, இரண்டு மின்விசிறி, தரையைக் கழுவியாகிவிட்டது. வருகிறேன் என்று சொன்னவர்கள் ஏழு பேர். எழுபது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஏழு. சின்ன அண்ணியும் அவர் பிள்ளைகள் மூன்று பேரும், அண்ணனின் மகனும் அவன் மனைவியும், பிறகு அண்ணனுடைய கார் டிரைவர். ஆமாம், இரங்கல் அட்டை போட்டானே, அந்த மகனேதான் வருகிறான். “கேப்டன் இல்லன்னா பரவால்ல சித்தப்பா, பிள்ளை இருக்குல்ல?” என்றான்.

வாலுவுக்குத் தனியாகச் சொல்: நான் உனக்கு ஒரு அப்பாவை உண்டாக்கியது உனக்குக் குறை இருக்கிறது என்று நினைத்ததால். குறை என்னிடம்தான் இருந்தது. நீ அழ வேண்டாம். வெள்ளிக்கிழமை விமான நிலைய வாசலில், ‘என் மருமகளும் அவள் மகளும்’ என்று இரண்டடி அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இரண்டடிதான், அளந்து பார்த்துக்கொள்.

ஏழு பேர், நாங்கள் இரண்டு பேர், நீங்கள் இரண்டு பேர். பதினொரு நாற்காலி போதும். பன்னிரண்டாவதும் ஒன்று போட்டிருக்கிறேன். அண்ணன் வந்தால் உட்காரட்டும். வராவிட்டால் வாலு அதன் மேல் காலை நீட்டிக்கொள்ளட்டும்.

மாமா